கூறு மீனும் ரசமட்டமும்

என் மேஜை மேல் இருக்கும் ஆவணம் ஓர் அழைப்பிதழ். மஞ்சள் அட்டை, நான்கு மூலையிலும் குங்குமம். ‘விம்கோ நகரில் நமது புதிய மெஸ் திறப்பு விழா’ என்று அச்சிட்டிருக்கிறது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள். அதில் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் காட்டி ஒட்டுத்தாளைப் பக்குவமாகப் பிரித்தேன். அடியில் இன்னொரு ஒட்டுத்தாள், கார்த்திகை. அதற்கு அடியில் ஐப்பசி. எல்லாவற்றுக்கும் அடியில், அச்சு மை மங்காமல், ஆவணி. தொல்லியல்காரர்கள் வெயிலில் குழி தோண்டிக் கஷ்டப்படுகிறார்கள். எனக்கு ஒரு பாத்திரம் வெந்நீர் போதுமானதாக இருந்தது.

மெஸ்ஸின் பெயர் இருக்கவேண்டிய இடத்திலும் ஓர் ஒட்டுத்தாள். அதில் ‘பெயர் பின்னர்’ என்று எழுதியிருந்தது.

அனுப்பியவன் என் பெரியப்பா மகன் சுயம்புலிங்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எங்கள் பக்கத்துக்காரர்கள் பலரையும் போலச் சென்னைக்கு வந்து, விம்கோ நகரில் மளிகைக் கடை வைத்து நிலைத்தவன். அவன் கடையில் சோப்புக் கட்டிகள்கூட ஒரே பக்கம் முகம் பார்த்துத்தான் உட்காரும். கடையை ஒட்டி ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதில் மெஸ் வைக்கலாம் என்றது அவன் மனைவி கனியம்மாள். சமையலும் அவர்தான். அண்ணன் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று, ஷட்டரைத் தூக்கிவிடுவது. அதைத்தான் ஆவணியிலிருந்து செய்துகொண்டிருந்தான்.

அழைப்பிதழோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தான். ‘நாலு நாள் முந்தியே வந்துரு. நீ ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி.’ அன்றைக்கே மதினியிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. “தம்பி, கண்டிப்பா வாங்க. ஆனா வந்து ஒண்ணையும் திருத்திராதீங்க.”

இந்த இரண்டு வேண்டுகோளுக்கும் காரணம் ஒன்றுதான். நான் தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். மிச்ச நேரத்தில் எங்கள் ஊர்ச் சந்தையின் வரலாற்றை எழுதிவருகிறேன். ‘எழுதிவருகிறேன்’ என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. சந்தை எந்த மாதத்தில் கூடத் தொடங்கியது என்பதில் இரண்டு பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் பல ஆண்டுகளாக முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. முதல் வாக்கியம் மிகச் சிறப்பாக வந்திருக்கிறது.

ஊர் விட்டு ஊர் போனால் காட்சி மாறவேண்டும் என்பார்கள். தூத்துக்குடியில் துறைமுகம், கண்டெய்னர் லாரி, அனல்மின் நிலையப் புகைக்கூண்டு, மீன் வாடை. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்து வடசென்னையில் இறங்கினால் துறைமுகம், கண்டெய்னர் லாரி, அனல்மின் நிலையப் புகைக்கூண்டு, மீன் வாடை. மனிதன் எதற்காகப் பயணம் செய்கிறான் என்று நான் படித்த புத்தகங்களில் நிறைய எழுதியிருக்கிறது. எதுவும் இந்த வழித்தடத்தை மனத்தில் வைத்து எழுதியதல்ல.

திங்கள் காலை. மெட்ரோ ரயிலே விம்கோ நகர் வரை போகிறது, ஆனால் அண்ணன் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில்தான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தான். சென்ட்ரலில் அறிவிப்புப் பலகை ஒரு நடைமேடையைச் சொன்னது, ஒலிபெருக்கி இன்னொன்றைச் சொன்னது. இரண்டு மூலங்கள் முரண்படும்போது மூன்றாவது மூலம் கிடைக்கும்வரை காத்திருப்பது என் வழக்கம். காத்திருந்தேன். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு வண்டியின் வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்ற ஆள் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா நைனா, அப்போலேர்ந்து பாக்கறேன், வண்டிக்கு ஜாதகம் பாத்துகினுகீற? ஏறு!”

“இது விம்கோ நகர்ல நிக்குமா?”

“நிக்காம பறந்தா போவுது? ஏறுபா, சொம்மா பேஜாரு பண்ணிகினு.”

ஏறினேன். கொருக்குப்பேட்டையில் ஏறிய கூட்டம் என்னை எதிர்ப்பக்கக் கதவோடு சேர்த்து அமுக்கியது. என் மடியில் இருக்கவேண்டிய மக்ரூன் பெட்டி எனக்கும் ஓர் இரும்புக் கம்பிக்கும் நடுவில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து யாராவது யார் வீட்டுக்காவது போனால், கூம்பு முனை வைத்த இந்த முந்திரி இனிப்பைக் கொண்டுபோகவேண்டும். இது சட்டமல்ல, ஆனால் சட்டத்தைவிடக் கறாராகப் பின்பற்றப்படுகிறது.

அண்ணன் கடை வாசலில் நின்று வரவேற்றான். பெட்டியைத் திறந்தான். முகம் சுருங்கியது.

“ஏல, முனையெல்லாம் ஒடஞ்சு கிடக்கே.”

“கூட்டம் அப்படிண்ணே.”

“முனை இல்லாத மக்ரூன யாருக்குக் குடுக்க?”

“எனுக்குக் குடு அண்ணாச்சி” என்றது ஒரு குரல். கடை வாசலில் அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் அஞ்சலை. பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து தினமும் தலையில் மீன் கொண்டுவந்து விற்பவர். அண்ணன் பதில் சொல்வதற்குள் கை பெட்டிக்குள் போய்விட்டது. “தோடா, நல்லாத்தான கீது! மீனு வாங்குனாலும் செவுளு செவப்பா, கண்ணு பளபளான்னு ஆயிரம் கேப்ப. பிஸ்கோத்துக்கும் மூக்கு மொனையா பாப்ப?”

அவர் நேர்மையின் சிகரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடையின் மேலே இருந்த மீன்களுக்கும் அடியில் இருந்தவற்றுக்கும் நாள் கணக்கில் வயது வித்தியாசம் இருந்தது.

மெஸ்ஸைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற மைக்கா ஒட்டிய மேஜைகள். புகைக்கூண்டுகளுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் வெள்ளை மேஜை போடும் யோசனை அண்ணனுடையது. கடற்காற்று ஒரு சுற்று சுற்றினால் மேஜை மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு விழும். அண்ணன் துடைப்பான். துடைத்துத் திரும்பினால் மறுபடி விழும். அதோடு அறையின் தரை ஒரு பக்கம் சரிவு. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, நடுவில் நீர்க்குமிழி ஓடும் ரசமட்டம், அதை ஒவ்வொரு மேஜையிலும் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை காலுக்கு அடியில் அட்டை செருகினான். அதன்பின் உறுதிக்காக ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்ப்பான். சுவரோரத்து மேஜை ஒன்று மட்டும் எதற்கும் மசியவில்லை. தொட்டால் ஆடியது.

“இது ஆடுறவரைக்கும் கடை திறக்க முடியாது” என்றான்.

நானும் குனிந்து பார்த்தேன். கால்களில் ஒன்று குட்டை என்று கண்டுபிடித்தேன். அவன் என்னை நன்றியோடு பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற மதினி வேறு மாதிரிப் பார்த்தார்.

அண்ணன் கடைக்குப் போனதும் மதினி விஷயத்தைச் சொன்னார். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டும். சூப்பர்வைசர் பாபு என்பவர் மளிகைக் கடைக்கு வந்துபோகிறவர். மதினி வீட்டிலிருந்து கொடுத்த குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, நீங்களே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மத்தியானம் முதல் சாப்பாடு வரவேண்டும். வராவிட்டால் வேறு மெஸ் பார்த்துக்கொள்வார். அண்ணன் திறப்பு விழாவை வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தான்.

“ஒரு நாள்தானே மைனி, பேசிப் பாக்கலாமே.”

“ஆவணிலேர்ந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. அந்த ஆளு மூணு தடவ எனக்காகக் காத்திருந்தாச்சு. இனி நிக்க மாட்டாரு. இது போச்சுன்னா ஒங்க அண்ணன் என்ன சொல்லிருக்காருன்னு தெரியுமா? ‘சரியா வராட்டா அரிசி மூட்டை அடுக்கிருவோம்’னு. கணக்குப் பாத்துப் பாத்து நான் கல்லாப்பெட்டி பக்கத்துலயே கெழவி ஆயிருவேன். எனக்குன்னு ஒரு அடுப்பு எரியணும், அவ்வளவுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த மேசைக் கால நீங்க பாக்காம இருந்திருக்கலாம்.”

செவ்வாய்க்கிழமை அண்ணன் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ராயபுரம் பக்கம், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனான். ஒத்திகைச் சமையலுக்கு வஞ்சிரம் வேண்டும். எங்கள் ஊரில் சீலா என்போம். அவன் கொள்கை எளிமையானது. எல்லா இலையிலும் ஒரே அளவு மீன் துண்டு விழவேண்டும். ஒருவனுக்குப் பெரியது, ஒருவனுக்குச் சிறியது என்றால் சண்டை வரும், பெயர் கெடும். இல்லாத பெயர் எப்படிக் கெடும் என்று நான் கேட்கவில்லை.

மொத்த ஏலம் விடிவதற்கு முன்பே முடிந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனால் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று இரண்டு கடைகளில் பார்த்துவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. ஐஸ் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஓரமாகப் பெண்கள் தார்ப்பாய் விரித்து மீனைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள்.

கூறு என்றால் குவியல். சங்கரா இரண்டு, கிழங்கான் கொஞ்சம், கானாங்கெளுத்தி, நடுவில் பேர் தெரியாத ஒன்று, வால் அறுந்த ஒன்று. விலை குவியலுக்குத்தான். இது வேண்டும், அது வேண்டாம் என்று பிரிக்க முடியாது. வாங்குகிறவர்கள் நின்ற நிலையில் ஒரு பார்வை பார்த்து, விலை பேசி, பையை விரித்துவிடுகிறார்கள். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கூறிலிருந்து வாலறுந்ததை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு பேர் தெரியாததை. அடுத்த கூறிலிருந்து ஒரு சங்கராவை எடுத்து இதில் வைத்தான்.

அந்தக் கடைக்காரப் பெண் சற்று நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

“இன்னா அண்ணாச்சி, மீனுக்கு எடம் மாத்திக் குந்த வச்சிகினுகீற? பள்ளிக்கூடம் நடத்தறியா?”

“இதுல ரெண்டு சரியில்லம்மா. அத எடுத்துட்டு அந்தச் சங்கராவ வச்சுக் குடு.”

“அப்ப அந்தக் கூற யாரு வாங்குவா? உன் மாமியாரா? எடுத்தா முய்சா எடு, இல்லாங்காட்டி எந்திரி. வெயிலு ஏறுது.”

வஞ்சிரம் விற்ற இடத்துக்குப் போனோம். துண்டு போட்டால் நடுத்துண்டும் வால் துண்டும் ஒரே அளவு வராது என்பதை அண்ணன் அங்கே வைத்துத்தான் ஏற்றுக்கொள்ள மறுத்தான். தலையும் வாலும் ஒரே சுற்றளவு உள்ள மீன் வேண்டும் என்ற பொருளில் அவன் ஏதோ கேட்டான். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆள் கத்தியை நிறுத்தி, பக்கத்து ஆளிடம் சொன்னதை நல்ல தமிழில் எழுதினால், ‘இந்தப் பெரியவருக்கு மீன் வேண்டியதில்லை, குழாய் வேண்டும் போலிருக்கிறது’ என்று வரும். மூலத்தில் இன்னும் சில சொற்கள் இருந்தன.

வெறும் ஐஸ் பெட்டியோடு திரும்பினோம். வழியில் கண்டெய்னர் லாரிகள் சாலை முழுக்க நின்றன. ஒன்றின் பின்னால் ஒன்று, எண்ணூர் வரைக்கும் நிற்பதுபோல. வலது பக்கம் கடல், அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், இடது பக்கம் டயர்கள். எங்கள் ஊரிலும் லாரி நிற்கும், ஆனால் ஓட்டுநர்கள் இப்படி இறங்கி ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கமாட்டார்கள். ஒருவர் சாலையோரத்தில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். துண்டுகள் ஒரே அளவில் இல்லை. அண்ணன் அதையும் பார்த்தான்.

மீன் இல்லாததால் அன்றைய ஒத்திகை சாம்பார். முதல் சாம்பாரில் துவரம்பருப்பு கொஞ்சம் கூட. இரண்டாவதில் பெருங்காயம் முந்தி நின்றது. மூன்றாவதை அண்ணன் கண்ணை மூடிச் சாப்பிட்டுவிட்டு, “இது அம்மா வைக்கிறது மாதிரி இருக்கு, ஆனா அம்மா வச்சது இல்ல” என்றான். என் கருத்தைக் கேட்டான். நான் முதலாவதுதான் சிறந்தது என்று சொல்லவந்து, அது தீர்ந்துபோனதைப் பார்த்து நிறுத்தினேன்.

முதலாவது எப்படித் தீர்ந்தது? அஞ்சலை. விற்பனை முடித்துத் திரும்பும் வழியில் எட்டிப்பார்த்திருக்கிறார். மதினி அவரை அந்த ஆடும் மேஜையில் உட்காரவைத்து, ஒதுக்கிய சாம்பாரை ஊற்றிச் சோறு போட்டிருக்கிறார். நான் உள்ளே போனபோது அஞ்சலை தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மேஜை ஓரத்தில் ஒரு தாளில் கைப்பிடி காரப்பொடி மீன் இருந்தது. இந்தக் காரப்பொடியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

புதன்கிழமை காலை, பலகை எழுதுகிற ஆள் வந்தார். பெயர் இன்னும் முடிவாகாததால், கீழே ‘மெஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு, மேலே இடம் விட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் புதுத் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் மதினி கேட்டுக்கொண்டதை நினைத்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. அடுக்கில் மூன்று தட்டுகளின் விளிம்பு மற்றவற்றைவிடத் தடிமன்.

“அண்ணே, இந்த மூணும் வேற செட்டு போலிருக்கே.”

அண்ணன் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, பாரிமுனையில் மாற்றி வாங்கிவருவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்தான். மதினி சமையலறையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது.

“பாரிமுனைக்கா போறாரு?”

“ஆமா மைனி.”

“வழியெல்லாம் லாரி நிக்குமே.”

“நிக்கும்.”

“சரி” என்றார். வாசலுக்குப் போய்க் கையைத் தட்டினார். “அஞ்சல! கூடைய எறக்கு!”

அஞ்சலை கூறு கட்டினார். காசிமேட்டில் பார்த்த அதே மாதிரிக் குவியல். நான் கடமையை நினைத்து, “அண்ணன் வஞ்சிரம்தான் சொல்லிருக்கான் மைனி, ஒரே அளவா…” என்று ஆரம்பித்தேன்.

“நைனா, நீ இன்னா வேல செய்யற?” என்றார் அஞ்சலை.

“புத்தகத்துல தப்பு கண்டுபிடிக்கிற வேலை.”

“அத்த புஸ்தகத்துலயே வச்சிக்கோ. கடலு இன்னா அளவெடுத்தா குடுக்குது? இந்தா, இத்தப் புடி.” என் கையில் ஒரு கெளுத்தியைக் கொடுத்தார். அதன் முள் குத்தியது.

மதினி அந்தக் கூறில் கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அஞ்சலை சிறிதும் வெட்கப்படவில்லை. “கண்டுகினியா? சரி, பூனைக்குப் போடு” என்றார். மிச்சம் எல்லாம் ஒரே சட்டியில் குழம்பாயிற்று.

மத்தியானம். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. நான் வெளியில் நின்று பலகை நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நீலச் சட்டை போட்ட நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் மூக்கைச் சுளித்து மோப்பம் பிடித்தார்.

“இன்னாபா, கட தொறந்துடுச்சா?”

“இல்லீங்க. வெள்ளிக்கிழமைதான் திறப்பு விழா.”

“கொயம்பு வாசன இன்னிக்கே வருது, வெள்ளிக்கெயமன்ற?”

“இது ஒத்திகை.”

“தோடா, ஒத்திகையாம்! மாமு, நாம போயி ஒத்திகையா துன்னுட்டு வர்லாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழைப்பிதழை எடுத்துத் தேதியைக் காட்டலாமா என்று யோசித்தேன். அப்போது உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது. கத்தவில்லை. அதனால்தான் தெளிவாகக் கேட்டது.

“தம்பி, ஷட்டரத் தூக்குங்க.”

ஒரு கையில் ரசமட்டத்தோடு நான் நின்றேன். இந்த ஷட்டரைத் தூக்கினால் ஆவணியிலிருந்து ஒட்டிவந்த அத்தனை ஒட்டுத்தாளும் வீண். தூக்காவிட்டால் அரிசி மூட்டை. நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு பெண்ணின் அடுப்பை எத்தனை நேர்த்தியாக அணைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரசமட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினேன்.

அது வரவில்லை. பாதியிலேயே சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஷட்டருக்கு எண்ணெய் போடுவது வெள்ளிக்கிழமைக்கான வேலைகளில் ஒன்று.

“உடு நைனா, குனிஞ்சா போச்சு” என்று முதல் ஆள் குனிந்து உள்ளே நுழைந்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். நாடா வெட்டவில்லை, குத்துவிளக்கு ஏற்றவில்லை. நான் படித்த எந்த நிறுவனத்தின் வரலாற்றிலும் திறப்பு விழா இத்தனை பணிவாக நடந்ததாகக் குறிப்பு இல்லை.

அண்ணன் பயந்த சண்டை உடனே ஆரம்பித்தது. ஒருவர் தட்டில் சங்கரா, இன்னொருவர் தட்டில் கிழங்கான், மூன்றாமவருக்கு வெறும் தலை.

“டேய், உனுக்கு இன்னா வந்துச்சி?”

“சங்கரா மாமு! பெரிய துண்டு!”

“எனுக்கு வாலு. குடுறா பாதி.”

“தலைய குடு, பாதி தரேன்.”

சண்டை அல்ல, வியாபாரம் என்று சற்று நேரத்தில் புரிந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்தார்கள், பேரம் பேசினார்கள், ஏமாற்றினார்கள், சிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு வஞ்சிரம் விழுந்திருந்தால் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவர் கைபேசியை எடுத்து, “அண்ணே, அக்கா கட தொறந்துட்டாங்கோ, சீக்கிரம் வா, சங்கரா தீர்ந்துடப் போவுது” என்றார். சற்று நேரத்தில் சூப்பர்வைசர் பாபு குனிந்து உள்ளே வந்தார். ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டார். அதற்குள் இன்னும் பலர் வந்துவிட்டதால் காலியாக இருந்தது அந்த ஆடும் மேஜை மட்டுமே. உட்கார்ந்தார். ரசம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏன்க்கா, இதுல குந்துனா கும்மிடிப்பூண்டி வண்டில போற மாதிரி கீது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார். கை கழுவும்போது மதினியிடம், “நாளைக்கு மத்தியானத்துலேர்ந்து அனுப்பிடுக்கா. இதே மாரி கலந்த மீனு. இனிமே வெள்ளிக்கெயம, தை, மாசின்னு கத சொல்லக்கூடாது” என்றார்.

மதினி தலையை மட்டும் ஆட்டினார். அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் வந்துசேர்ந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கையில் ஒரே தடிமனுள்ள மூன்று தட்டுகள். மற்ற தட்டுகள் எல்லாம் எச்சிலாகக் கிடந்தன. குனிந்து உள்ளே பார்த்தான். வெள்ளை மேஜை முழுக்கக் குழம்பு.

“ஏல, என்னல இது? வெள்ளிக்கிழமைதானே!”

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் நின்ற ஒருவர் அவன் தோளைத் தட்டினார். “பெர்சு, ஓரமா குந்து. எடம் வரும். எல்லாரும்தான் பசியோட கீறோம்.”

சொந்தக் கடை வாசலில் அண்ணன் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது மதினி தட்டை வைத்தார். அவனுக்கு விழுந்தது வால் துண்டு. சாப்பிட்டான்.

“உப்பு ஒரு கல்லு கம்மி கனி.”

“அப்படியா? சாப்பிடுங்க.”

பக்கத்து ஆள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கிழங்கானை எடுத்து அண்ணன் தட்டில் போட்டு, “வாலு பாவம், இத்த துன்னு” என்றார். யார் எச்சில் கையும் படாமல் முப்பது வருடம் கடை நடத்தியவன் அந்தத் துண்டைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்குள் ஏதோ மாற்றம் நிகழ்ந்துவிட்டதாக நான் எழுதமாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலையாக ரசமட்டத்தை எங்கே என்று தேடினான்.

வியாழக்கிழமை சாப்பாடு எண்ணூருக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவும் நடந்தது. சூடம், தேங்காய், ரோஜா மாலை, சிவப்பு நாடா எல்லாம். ஷட்டர் சரியாகாததால் நாடாவை இடுப்பு உயரத்தில் கட்டி, அண்ணன் குனிந்து வெட்டினான். உள்ளே ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள், எச்சில் கையோடு. யாரோ ஒருவர் வாசலில் நின்று கைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். “விம்கோ நகர்ல எறங்கி கேளு மச்சான், ஆடுற டேபிள் மெஸ்ஸுன்னா யாரும் சொல்வாங்கோ.” இரண்டு நாளில் பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் ஆவணியிலிருந்து தேடிக்கொண்டிருந்தது அது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. குட்டைக் காலுக்கு அடியில் அட்டை செருக அவன் குனிந்தபோது மதினி, “அத விடுங்க, பேரே அதுதான்” என்றார்.

கிளம்பும்போது என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார்கள். பலகையின் அடியில் ‘தொடக்கம்’ என்று போட்டுத் தேதி எழுதவேண்டும். தேதி விஷயத்தில் என்னைவிட்டால் யார்? விசாரித்தேன். வெள்ளி என்றான் அண்ணன். நாடா அன்றைக்குத்தான் வெட்டியது. புதன் என்றார் மதினி. முதல் காசு அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. வாசலில் கூடையோடு நின்ற அஞ்சலை இரண்டையும் மறுத்தார்.

“செவ்வாக்கெயம நான்தான மொதல்ல துன்னேன்? சொம்மாவா துன்னேன்? காரப்பொடி குடுக்கல?”

காரப்பொடி இருந்தது உண்மை. நானே பார்த்தேன். அது சாப்பாட்டுக்கு விலையாகக் கொடுத்ததா, சும்மா கொடுத்ததா என்பதுதான் கேள்வி. விலை என்றால் மெஸ் செவ்வாய்க்கிழமையே திறந்துவிட்டது. மதினியைக் கேட்டேன். “அது சும்மா குடுத்தது” என்றார். அதை அஞ்சலையிடம் சொன்னேன். “ஆமா நைனா, சொம்மாதான் குடுத்தேன், அதுக்கு இன்னா இப்போ?” என்றார். மறுநாள் மதினி தூத்துக்குடிக்குத் தொலைபேசியில் பேசும்போது, யோசித்துப் பார்த்தால் அது விலைதான் போலிருக்கிறது, ஏனென்றால் அதன் பிறகு அஞ்சலை சாப்பாட்டைப் பற்றி இரண்டு குறை சொன்னாள், சும்மா சாப்பிட்டவர்கள் குறை சொல்லமாட்டார்கள் என்றார்.

பலகையில் ‘தொடக்கம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. மெஸ் தினமும் நடக்கிறது. அழைப்பிதழை மறுபடி ஒட்டி என் கோப்பில் வைத்திருக்கிறேன். மேலே நான்காவதாக ஓர் ஒட்டுத்தாள் ஒட்டி, ‘செவ்வாய் அல்லது புதன், வெள்ளி அல்ல’ என்று எழுதியிருக்கிறேன். சந்தை வரலாற்றிலும் முதல் வாக்கியத்தில் ‘அல்லது’ என்று ஒரு சொல் சேர்த்தேன். வாக்கியத்தின் அழகு போய்விட்டது. இரண்டாவது வாக்கியம் வந்துவிட்டது.

அந்தக் காரப்பொடி விலையா, அன்பளிப்பா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.